சாகாத முகமூடிகள்: மும்பைச் சித்திரக்கதைகளில் நாயக மரணமும் மீள்வரவும்

சூப்பர் ஹீரோ சித்திரக்கதைகளில் செத்துப்போன பாத்திரத்தை மறுபடி உயிரோடு கொண்டுவருவது பழகிப்போன உத்தி. வெவ்வேறு இதழ்களின் நாயகர்கள் ஒரே கதையில் திரளும் ‘கிராஸ்ஓவர்’ தொடர்களின் கடைசி இதழ்தான் இதற்குப் பெரும்பாலும் தோதான இடம். உலகமே அழியப்போகும் நேரத்தில் ஒருவர் சாவார், வேறு சிலர் கல்லறையிலிருந்து எழுந்து வருவார்கள், அடுத்த மாதம் புதிய முதல் இதழ் கடைக்கு வரும். மும்பைக்கு இந்த வழக்கத்தோடு உள்ள உறவு 1964இல் இந்திரஜால் காமிக்ஸில் தொடங்கி, 2023இல் மும்பாட்டன் என்ற கற்பனை நகரம் வரை நீள்கிறது. தாராவியும் இந்த வரலாற்றில் உண்டு. அது அச்சுத்தாள் வழியாக வராமல் திரை வழியாக வந்தது.

யார் திரும்பி வருவார் என்பதைக் கதையின் நியாயம் தீர்மானிப்பது அரிது. பெயருக்கு உரிமை வைத்திருப்பவரும் அந்தப் பெயருக்குள்ள சந்தையும்தான் அதைத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே நாயகன் வருவான். அவனுடைய சித்தப்பாவும் மனைவியும் ஊர்க் காவலரும் போனவர்கள் போனவர்களே.

அமெரிக்க முன்மாதிரி

டிசி நிறுவனத்தின் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ (1985–86) பன்னிரண்டு இதழ்களில் சூப்பர்கேர்லையும் பேரி ஆலன் என்ற ஃபிளாஷையும் கொன்றது. பேரி திரும்பி வர 2008 ஆயிற்று. சூப்பர்மேனுக்கு அத்தனை பொறுமை இல்லை. 1992 நவம்பரில் அவர் செத்த இதழ் பல லட்சம் பிரதிகள் விற்றது; அடுத்த ஆண்டே உயிரோடு வந்துவிட்டார். மரணத்தையே விளம்பரமாக்கலாம் என்பதைப் பதிப்பாளர்கள் அந்த விற்பனையில் கற்றுக்கொண்டார்கள்.

அதற்கும் முன்பே, 1988இல், பேட்மேனின் உதவியாளனான இரண்டாவது ராபின் ஜேசன் டாட் வாழ வேண்டுமா சாக வேண்டுமா என்று வாசகர்களைத் தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். 5,343 பேர் சாகட்டும் என்றார்கள், 5,271 பேர் வாழட்டும் என்றார்கள். வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு சிறுவன் செத்தான். ஸ்பைடர்மேனின் பென் மாமா, கேப்டன் அமெரிக்காவின் தோழன் பக்கி, இந்த ஜேசன் டாட் ஆகிய மூவர் மட்டுமே காமிக்ஸில் நிஜமாகச் செத்தவர்கள் என்று ரசிகர்கள் வெகுகாலம் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். 2005இல் பக்கியும் ஜேசனும் திரும்பி வந்துவிட, மாமா மட்டும் மிஞ்சினார்.

இந்த உத்தியின் உச்சம் ‘பிளாக்கஸ்ட் நைட்’ (2009–10). ஜெஃப் ஜான்ஸ் எழுதி, இவான் ரெய்ஸ் வரைந்தது. செத்த நாயகர்கள் எல்லாரும் கருப்பு மோதிரம் அணிந்த பிணங்களாக எழுந்து உயிரோடிருப்பவர்களைத் தாக்குவார்கள். எட்டாவது, கடைசி இதழில் அக்வாமேன், மார்ஷியன் மேன்ஹன்டர் உட்படப் பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் நிஜ உயிர் பெற்றார்கள். இறப்பு மலிந்துபோனதைப் பற்றிய கதை, அதை இன்னும் கொஞ்சம் மலிவாக்கிவிட்டு முடிந்தது.

இந்திரஜாலும் வேதாளமும்

மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் பென்னட் கோல்மன் நிறுவனம் 1964 மார்ச்சில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. முதல் இதழே ஃபேன்டம் கதை. ஆங்கிலத்தோடு இந்தி, மராத்தி, வங்காளம், தமிழ் எனப் பல மொழிகளிலும் இந்திரஜால் வெளிவந்தது. இந்தியில் ஃபேன்டமின் பெயர் வேதாள். 1990இல் நிற்கும்போது இதழ் எண் 800ஐத் தாண்டியிருந்தது.

லீ ஃபால்க் 1936இல் உருவாக்கிய இந்த முகமூடிக்காரனைக் காட்டுவாசிகள் ‘சாகாத மனிதன்’ என்று நம்புகிறார்கள். உண்மையில் அவன் செத்துக்கொண்டேதான் இருக்கிறான். பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்த ஒருவன் மண்டையோட்டின் மேல் சபதம் செய்கிறான். அவனுக்குப் பின் அவன் மகன், அவனுக்குப் பின் பேரன். கதை நடக்கும் காலத்தில் இருப்பவன் இருபத்தொன்றாமவன். மண்டையோட்டுக் குகைக்குள் இருபது கல்லறைகள் வரிசையாக உள்ளன. வெளியே இருப்பவர்களுக்கு ஒரே ஆள், நானூறு வயது; உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு குடும்ப மயானம்.

இதில் உயிர்த்தெழுதலுக்குத் தேவையே இல்லை. வேலை தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது, அவ்வளவுதான். குலத்தொழிலும் பட்டம் கட்டுதலும் தெரிந்த ஊரில் இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் சூப்பர்மேனுக்கும் பேட்மேனுக்கும் பின்னால் ஒதுங்கிப்போன ஃபேன்டம் இந்தியாவில் இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

மும்பைப் பதிப்பாளர்கள் இந்தக் கதைகளை வாங்கி அச்சிட்டவர்கள் மட்டுமே. ஃபேன்டமைக் கொல்லவோ பிழைக்கவைக்கவோ அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களால் முடிந்தது பெயர் மாற்றம். கதை நடக்கும் பங்கல்லா நாடு வங்காளத்தை நினைவூட்டிவிடக் கூடாதென்று டென்காலி ஆனது. இந்திரஜால் தன் சொந்த நாயகனைப் பெற்றது 1976இல், ஆபித் சுர்தி எழுதி, கோவிந்த் பிராமணியா வரைந்த பகதூரில். கொள்ளைக்காரத் தந்தை போலீஸால் கொல்லப்பட, மகன் அதே கொள்ளையரை எதிர்க்கும் காவலனாகிறான். அந்தத் தந்தை திரும்பி வரவில்லை.

இந்திரஜாலில் சில காலம் வேலை பார்த்த அனந்த் பை வெளியேறி 1967இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார். அங்கே இந்தச் சிக்கலே எழவில்லை. சாவித்திரி எமனிடம் வாதாடிக் கணவனை மீட்டது ஊரறிந்த கதை. அதற்குப் புதிதாக விளக்கம் தேட யாரும் மெனக்கெடத் தேவையில்லை.

பழைய தாளும் சிவகாசியும்

ஒரு தொடர் நின்றுபோன பிறகும் அதன் நாயகன் மும்பையில் ரத்திக் கடையில் வாழ்ந்தான். பழைய பேப்பரைக் கிலோ கணக்கில் வாங்கும் அந்தக் கடைகளிலும், மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடைகளிலும் இதழ்கள் வரிசையின்றிக் கிடைக்கும். நாயகன் சாகும் இதழ் கிடைக்கும் முன்பே அவன் திரும்பி வந்த இதழ் கையில் கிடைத்துவிடும். இப்படிப் படித்து வளர்ந்தவர்களுக்கு மரணம் முடிவாகத் தெரிவதில்லை. இடையில் தவறிப்போன ஓர் இதழாகவே தெரியும்.

இதைவிட விசித்திரமான பிழைப்பு சிவகாசியில் நடந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது. அவன் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962இல் பிறந்த லூயி கிராண்டெல். 1984இல் வந்த லயன் காமிக்ஸ், ‘லயன்’ என்ற பிரிட்டிஷ் இதழின் ஸ்பைடரையும் இயந்திர மனிதன் ஆர்ச்சியையும் தமிழுக்குக் கொண்டுவந்தது. தாய்நாட்டில் அந்த இதழ்கள் 1970களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, நாயகர்கள் அலமாரிக்குப் போனார்கள். தமிழில் மட்டும் புதிய வாசகர்களோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஃபேன்டமுக்கும் இதே கதைதான். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் அவனை ‘முகமூடி வீரர் மாயாவி’யாகத் தொடர்ந்தது.

பிரிட்டனில் அவர்களை எழுப்ப ஒரு கிராஸ்ஓவர் தேவைப்பட்டது. ஆலன் மூர் கதைச்சுருக்கம் தர, லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய ‘ஆல்பியன்’ (2005–06) ஆறு இதழ்களில் வந்தது. அரசு இந்த நாயகர்களை ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது. வெளியே எல்லாரும் அவர்களைக் கற்பனை என்று நினைத்து மறந்துவிட்டார்கள் என்பது கதை. கிராண்டெல், ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் அதில் உண்டு. தமிழ் வாசகர் இதைப் படித்தால், ‘இவர்களை எப்போது மறந்தோம்?’ என்று கேட்கக்கூடும்.

‘கூலி’யும் சுப்ரீமோவும்

மும்பையின் மிகப் புகழ்பெற்ற மீள்வரவு சித்திரக்கதையில் நடந்ததல்ல. 1982 ஜூலை 26 அன்று பெங்களூரில் ‘கூலி’ சண்டைக் காட்சியில் அமிதாப் பச்சன் வயிற்றில் அடிபட்டு, மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார். நாயகன் இக்பால் கடைசியில் சாவதாகவே கதை இருந்தது. நடிகர் பிழைத்து வந்தபின் இயக்குநர் மன்மோகன் தேசாய் முடிவை மாற்றினார்: ஹாஜி அலி தர்காவில் குண்டடி பட்ட இக்பால் பிழைத்துவிடுவான். கற்பனை மரணத்தை நிஜ மரண பயம் ரத்துசெய்தது.

இதே பத்தாண்டில் அமிதாப்பையே முகமூடி நாயகனாக்கி ‘சுப்ரீமோ’ என்ற காமிக்ஸ் வந்தது. வெளியிட்டது மும்பையின் இந்தியா புக் ஹவுஸ். கதை ஆலோசகர் குல்சார். உடன்வரும் சிறுவர்களுக்கு அமிதாப் நடித்த பாத்திரங்களின் பெயர்களான விஜய், ஆண்டனி. சுமார் இரண்டு ஆண்டில் தொடர் நின்றது.

டோகா

டெல்லியின் ராஜ் காமிக்ஸ் நாகராஜ், சூப்பர் கமாண்டோ துருவா எனப் பல நாயகர்களைப் படைத்து, அவர்களை ஒன்றுசேர்க்கும் பெரும் கிராஸ்ஓவர்களையும் வெளியிட்டது. அவர்களுள் மும்பைக்காரன் டோகா. நாய் முகமூடி அணிந்து, அமானுஷ்ய சக்தி ஏதுமின்றித் துப்பாக்கியோடு திரிபவன். குப்பைத்தொட்டியில் கிடந்த குழந்தையான அவனுக்குப் பின்னாளில் பயிற்சி தந்த சித்தப்பாக்களின் பெயர்கள் அத்ரக், ஹல்தி, தனியா, காலிமிர்ச், அதாவது இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லி, மிளகு. பலசரக்குக் கடை போன்ற இந்தக் குடும்பம் இந்தியச் சூப்பர் ஹீரோக்களின் பிறப்புக் கதைகளிலேயே ருசியானது.

பவித்ர பிரபாகர்

2004இல் கோதம் நிறுவனம் மார்வெல் உரிமத்தோடு வெளியிட்ட ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ நான்கு இதழ்கள் மட்டுமே வந்தது. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் ஆகியோரின் படைப்பு. பீட்டர் பார்க்கர் இங்கே பவித்ர பிரபாகர்: கிராமத்திலிருந்து மாயா அத்தையோடும் பீம் மாமாவோடும் மும்பைக்கு வந்த ஏழைப் பையன். சிலந்தி கடிக்கவில்லை, ஒரு யோகி சக்தி தருகிறார். உடையின் கீழ்ப்பாதி வேட்டி.

எல்லாவற்றையும் இந்தியமயமாக்கியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போன பீம் மாமா கொல்லப்படுகிறார். 1962இல் நியூயார்க்கில் பென் மாமா செத்ததால், 2004இல் மும்பையில் பீம் மாமாவும் சாக வேண்டியதாயிற்று. உரிமத்தோடு மரணமும் இறக்குமதி ஆனது.

நான்கு இதழோடு முடிந்திருக்க வேண்டிய பவித்ரை உயிர்ப்பித்தது ஒரு கிராஸ்ஓவர். டான் ஸ்லாட் எழுதிய ‘ஸ்பைடர்வெர்ஸ்’ (2014–15) பல பிரபஞ்சங்களின் ஸ்பைடர்மேன்களைத் திரட்டியது. அவர்களை வேட்டையாடும் மோர்லன் குடும்பத்தார் செத்தால் படியாக்க உடல்களில் மறுபடி எழுவார்கள். அந்த உடல்களை உருவாக்கும் ஆய்வுக்கூடத்தை அழித்தபின்தான் அவர்களை மடக்க முடிகிறது. கடைசியிலும் அவர்களைக் கொல்லாமல் கதிர்வீச்சு நிறைந்த ஓர் உலகத்துக்கு நாடு கடத்துகிறார்கள். மறுபடி தேவைப்படும் வில்லனை யார் கொல்வார்? பவித்ர் தப்பிப் பிழைத்தான். 2023இல் அவனுக்கு நிகேஷ் சுக்லா எழுதிய ஐந்து இதழ்த் தொடர் கிடைத்தது.

தாராவி

தமிழர் நிறைந்த மாட்டுங்காவில் அரோரா திரையரங்கு ரஜினிகாந்த் படங்களின் விடிகாலைக் காட்சிகளுக்குப் பேர்போனது. ரஜினி பாத்திரங்களின் மரணக் கணக்கும் கவனிக்கத்தக்கது. ‘பாட்ஷா’வில் (1995) பம்பாய் தாதா தான் செத்ததாக ஊரை நம்பவைத்துவிட்டுச் சென்னையில் ஆட்டோ ஓட்டுகிறார். பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018 ஜூன் 7) இன்னும் நுட்பமானது. தாராவித் தலைவர் காலாவின் எதிரியான ஹரிதாதாவின் வீட்டில் இராமாயணம் வாசிக்கப்பட, இராவணன் தலை விழ விழ முளைக்கும் இடத்தோடு தாராவித் தாக்குதல் இணைத்துக் காட்டப்படுகிறது. தீயில் காலா முடிந்தார் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். பிறகு நிலத்தைக் கையகப்படுத்த ஹரிதாதா வரும்போது கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் காலா. கருப்பு, சிவப்பு, நீலப் பொடிகள் திரையை நிறைக்கின்றன.

வந்தது அவரா, அவரைச் சுமக்கும் ஜனங்களா என்று படம் சொல்வதில்லை. ஃபேன்டம் முறைக்கு இது நெருக்கமானது: ஆள் போனாலும் முகம் நிற்கும். வேறுபாடு என்னவென்றால், அங்கே முகமூடி மகனுக்கு மட்டும் போகிறது, இங்கே தெருவுக்கே போகிறது. ஆனால் இதே படத்தில் முன்பே கொல்லப்பட்ட மனைவி செல்வி கடைசிக் காட்சியில் வருவதில்லை. ‘நாயகன்’ (1987) வேலு நாயக்கரோ செத்தார், செத்தவராகவே இருந்தார்.

‘காலா’வுக்கு மறு ஆண்டு, 2019 ஏப்ரல் 26 அன்று, ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ வந்தது. தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல். சாம்பலாகிப் போன பாதி உலகம் திரும்பியது, அயர்ன்மேன் செத்தார். அவராக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் வேறொரு பாத்திரமாக, டாக்டர் டூமாக, வருவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். நடிகருக்கு மறுபிறவி கிடைத்தது, பாத்திரத்துக்குக் கிடைக்கவில்லை. அடுத்த படத்தில் நாயகன் எப்படியும் வேறு பெயரில் வருவான் என்பது தமிழ் ரசிகருக்குப் புதிய செய்தியல்ல.

மும்பாட்டன்

2023 ஜூனில், இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் வந்த ‘ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்’ அனிமேஷன் படத்தில் மும்பையும் மன்ஹாட்டனும் ஒட்டிய மும்பாட்டன் வருகிறது. அங்குள்ள ஸ்பைடர்மேன் பவித்ர். அவன் காதலி காயத்ரி, அவளுடைய தந்தை இன்ஸ்பெக்டர் சிங். இடிந்து விழும் கட்டடத்தில் சிங் சாக வேண்டும். படத்தின் நாயகனான இன்னொரு ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலெஸ் பாய்ந்து அவரைக் காப்பாற்றிவிடுகிறான். உடனே நகரின் நடுவில் கரும்பள்ளம் ஒன்று திறக்கிறது.

ஸ்பைடர்மேனுக்கு நெருக்கமான ஒரு காவல் அதிகாரி ஒவ்வொரு பிரபஞ்சத்திலும் செத்தே ஆக வேண்டும், அது விதி என்கிறான் பல பிரபஞ்ச ஸ்பைடர்மேன்களின் தலைவனான மிகுவெல் ஓஹாரா. அந்த விதியின் மூலம் 1970இல் வந்த ஓர் அமெரிக்க இதழில் கேப்டன் ஸ்டேசி செத்த பக்கம். காமிக்ஸ் வியாபாரத்தின் வழக்கத்தையே வில்லத்தனமாக்கிக் காட்டிய முதல் பெரும் படம் இது என்று சொல்லலாம். பீம் மாமாவுக்குக் கிடைக்காத சலுகை இன்ஸ்பெக்டர் சிங்குக்குக் கிடைத்தது. அதன் விலையை மும்பாட்டன் கொடுக்குமா என்ற கேள்வியோடு படம் பாதியில் நிற்கிறது. அடுத்த பாகமான ‘பியாண்ட் தி ஸ்பைடர்வெர்ஸ்’ 2027க்கு அறிவிக்கப்பட்டுள்ளது.