ஹார்ன் கான்செர்ட்டோவும் சுருதி மாற்றமும்

ஹார்ன் கான்செர்ட்டோ: தனி ஹார்ன் கலைஞர் ஒருவர் இசைக்குழுவுடன் சேர்ந்து வாசிக்கும் ஐரோப்பியச் செவ்வியல் உருப்படி. மோட்சார்ட் எழுதி நமக்குக் கிடைத்தவை நான்கு. தம் நண்பர் யோசப் லாய்ட்கெபை மனத்தில் வைத்து எழுதியவை. மூன்று ஈ-ஃபிளாட்டிலும் ஒன்று டி-யிலும் அமைந்தவை. முதல் எண் பெற்ற டி மேஜர் கான்செர்ட்டோதான் உண்மையில் கடைசியாக எழுதப்பட்டு, முடிவுறாமல் நின்றது.

அக்கால ஹார்னுக்கு வால்வு கிடையாது. சுருதிக்கேற்ற வளைகுழாயைச் செருகுவார்கள். குழல் நீண்டால் சுருதி இறங்கும். புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்தருகே முன்னேசுவரத் திருவிழாவில் நாகசுரம் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நீண்ட பாரிக்குத் தாழ்ந்த சுருதி, குட்டையான திமிரிக்கு உயர்ந்த சுருதி.

வால்வு 1814 அளவில் வந்தது. இன்று எஃப் ஹார்னை வைத்தே படிப்பதால், ஈ-ஃபிளாட் பிரதியை ஒரு முழுச் சுரமும், டி பிரதியை ஒன்றரைச் சுரமும் இறக்கி வாசிக்க வேண்டும். தாளில் 'சி' என்றிருந்தால் முன்னதில் பி-ஃபிளாட், பின்னதில் ஏ. எஃப்-க்கு மாற்றி அச்சிட்ட பிரதிகளும் உண்டு. தொடக்கத்தில் அவை போதும். இசைக்குழுவில் சேர விரும்புபவருக்கோ தப்ப வழியில்லை: பீத்தோவன், பிராம்ஸ் சிம்பொனிகளின் ஹார்ன் பிரதிகள் பெரும்பாலும் இன்றும் பழைய சுருதிகளிலேயே கைக்கு வருகின்றன.