முன்னேஸ்வரம் முதல் கட்டுவாப்பிட்டி வரை: பகைவரை நேசித்தல் பற்றி

2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் நிறுத்தப்பட்டிருந்த ஞாயிறு திருப்பலி, கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் ஆலயங்களில் மீண்டும் ஆரம்பமான நாள் அது. வாசல்களில் ஆயுதம் தாங்கிய காவல். உள்ளே, மூன்று வாரங்களுக்கு முன் கொல்லப்பட்டவர்களுக்காக மன்றாட்டு.

அதே ஞாயிறன்று, வடக்கே சிலாபம் நகரில் பள்ளிவாசல்கள் மீதும் முஸ்லிம்களின் கடைகள் மீதும் கல் வீசப்பட்டது. முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் முகநூலில் இட்ட ஆங்கில வாசகம் ஒன்றே காரணம் எனக் கூறப்பட்டது. அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரிடும் என்பது அதன் பொருள். அதனை அடுத்த தாக்குதலுக்கான எச்சரிக்கையாகச் சிலர் வாசித்தனர். சிலாபம் கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் நகரம். கார்மேல் அன்னையின் பேராலயம் அமைந்த மறைமாவட்டத் தலைநகர். கல்லெறிந்தவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தனர் என்று செய்தி நிறுவனங்கள் தெரிவித்தன. மறுநாள் வன்முறை குளியாப்பிட்டி, மினுவாங்கொடை எனப் பரவியபோது கூட்டத்தின் இன, மத அடையாளம் மாறியிருந்தது. புத்தளம் மாவட்டத்திலேயே, தமது பட்டறையில் இருந்த முஸ்லிம் தச்சர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

எங்கள் தொழிலில் இத்தகைய நாட்களுக்கென்றே ஒரு தலைப்பு தயாராக இருக்கும்: "இரு தரப்பினரிடையே மோதல்". ஒரு தரப்பின் கடைகள் மட்டும் எரியும்போதும் அதே தலைப்புத்தான். மூன்று தசாப்தங்களாக அதனைக் கண்டு சலித்துப்போன ஒருவனாகவே இதனை எழுதுகிறேன்.

சிலாபத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் சென்றால் முன்னேஸ்வரம். முன்னைநாதரும் வடிவாம்பிகையும் வீற்றிருக்கும் தலம். இராவணனைக் கொன்ற பாவம் நீங்க இராமன் வழிபட்ட இடம் என்பது ஐதீகம். நீதியான போரில் வென்றவனுக்கும் கொலைப்பழி உண்டு, அதனைக் கழுவ அவன் ஓரிடத்தில் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று அந்தக் கதையைச் சொல்லி வைத்தவர்கள் கருதினார்கள் போலும். கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு, பௌத்தனாயிருந்தும், இக்கோவிலின் நிலங்களை உறுதிசெய்து கல்வெட்டுப் பொறித்தான். இன்றும் இங்கு வரும் அடியார்களில் பெரும்பகுதியினர் சிங்கள பௌத்தர்களே; கத்தோலிக்கரும் வருவதுண்டு. கோவில் தொகுதிக்குள்ளேயே ஒரு பௌத்த விகாரையும் இருக்கிறது.

இந்தக் கோவிலைத்தான் 1578இல் போர்த்துக்கேயர் இடித்தனர். எஞ்சிய அடித்தளத்தின் மீது பின்னர் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் எழுந்தது. சைவர்கள் இதனை மறக்கவில்லை. மறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆயினும், 1578ஐ மட்டும் தனியே எடுத்துப் பேசுவோர் அதற்கு 34 ஆண்டுகள் முந்திய நிகழ்வு ஒன்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

1544இல், புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் மன்னார் மக்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாண அரசன் முதலாம் சங்கிலி அதனைப் போர்த்துக்கேயரின் கால்கோளாகக் கண்டான். அவன் அச்சம் அரசியல் ரீதியில் ஆதாரமற்றதல்ல. ஆனால் அவன் படை வெட்டிச் சாய்த்தது போர்த்துக்கேயச் சிப்பாய்களை அல்ல. ஏறத்தாழ 600 உள்ளூர்த் தமிழர்களை. மன்னார் மறைசாட்சிகள் என்று இன்றும் தோட்டவெளியில் நினைவுகூரப்படுபவர்கள் அவர்கள்தாம்.

அவர்களுடைய இரத்தம் காயுமுன்னே அவர்கள் பெயரால் வாள் கேட்கப்பட்டது. சங்கிலியைத் தண்டிக்கும்படி போர்த்துக்கேய அதிகாரிகளிடம் கோரியவர் சவேரியாரே. படை புறப்படும் என்ற எதிர்பார்ப்பில் அவர் 1545இல் நாகப்பட்டினம் வரை சென்றார். அந்தப் படையெடுப்பு நடக்கவில்லை. ஆனால் 1560இல் பதிலாளுநர் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தான். மன்னார் போர்த்துக்கேயர் வசமானது. தெற்கே, கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் ஞானஸ்நானம் பெற்றதும் விகாரை, கோவில் நிலங்கள் துறவிகளின் கைக்கு மாறத் தொடங்கின. இவ்வாறாக, கொல்லப்பட்டவர்களின் சபை ஒரு தலைமுறைக்குள் இடிப்பவர்களின் சபையாயிற்று. சவேரியார் மீது மதிப்பு வைத்திருக்கும் கத்தோலிக்க நண்பர்களுக்கு இவ்வாறு எழுதுவது உவப்பாயிராது. அவர் நோயாளிகளுக்கும் முத்துக்குளித்துறைப் பரதவருக்கும் ஆற்றிய தொண்டு உண்மை. நாகப்பட்டினப் பயணமும் உண்மை.

இதில் என்னை எப்போதும் உறுத்துவது, கெத்செமனித் தோட்டக் காட்சி இந்தத் துறவிகள் அனைவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது என்பதே. யேசுவைக் கைதுசெய்ய வந்தபோது பேதுரு (பழைய வழக்கில் இராயப்பர்) வாளை உருவித் தலைமைக் குருவின் ஊழியன் ஒருவனின் காதை வெட்டினார். வாளை உறையில் இடும்படி யேசு பணித்தார் என்கிறது யோவான் நற்செய்தி. வெட்டுண்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்று லூக்கா சேர்த்துச் சொல்கிறார். பகைவரை நேசிக்கும்படி மலைப்பொழிவில் கூறப்பட்டது, இங்கே பகைவன் ஒருவனின் காதில் செய்து காட்டப்படுகிறது. பேதுருவின் வாள் சுயநலத்திற்காக உருவப்பட்டதன்று. அன்புக்குரிய ஒருவருக்காக உருவப்பட்டது. யாருக்காக உருவப்பட்டதோ அவரே அதனை வேண்டாம் என்றார். மன்னாரில் இறந்த 600 பேரிடம் எவரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

அதற்கு மாறான ஒரு காலமும் இக்கரைக்கு வாய்த்தது. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரை வெளியேற்றியதும் கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறப்பித்தனர். படை, கோட்டை, நிலம் அனைத்தையும் இழந்த சபையைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து ஒரு குரு ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். பெயர் யோசேப் வாஸ். தமிழும் சிங்களமும் கற்று, 1690இல் புத்தளம் வந்து, அங்கிருந்து 1692இல் கண்டி சென்றார். போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறையிடப்பட்டார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினராலும் கைவிடப்பட்ட நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பராமரித்தவர் இவர். நோயாளி எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. பௌத்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் பாதுகாப்பளித்தான். கிறிஸ்தவ ஒல்லாந்தரிடமிருந்து கிறிஸ்தவக் குருவைப் பௌத்த அரசன் காத்தான் என்பது நமது பாடப்புத்தகங்களில் அதிகம் இடம்பெறாத வரலாறு. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

முன்னேஸ்வரத்துக்கும் கண்டியின் கை நீண்டது. நாயக்க மரபில் வந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753இல், கோவில் மீளக் கட்டப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது.

இனி 2019 ஏப்ரல் 21க்கு வருவோம். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்புக்கு அண்மையில் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று நட்சத்திர விடுதிகள். 250க்கும் அதிகமானோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர். இறந்தவர்களில் தமிழர் பலர்; சீயோனில் சிறுவர் பலர். சிங்களமும் தமிழும் பேசும் கிறிஸ்தவர் ஒரே காலைப்பொழுதில் ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டனர்.

அன்றிரவே பெரும் கலவரம் வெடிக்கும் என்று அஞ்சாத பத்திரிகை அலுவலகம் இலங்கையில் இருந்திருக்காது. 1983ஐ அறிந்தவர்கள் நாங்கள். சில இடங்களில் தீவைப்பும் மிரட்டலும் நடந்தன. பாகிஸ்தானில் மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி நீர்கொழும்பில் தங்கியிருந்த அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டுப் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் தஞ்சமடைய நேர்ந்தது. அது வெட்கக்கேடு. ஆயினும் எதிர்பார்த்த பெரும் பழிவாங்கல் அந்த வாரத்தில் நடக்கவில்லை. சவப்பெட்டிகள் வரிசையாக இறக்கப்பட்ட கட்டுவாப்பிட்டியிலிருந்து வாட்களுடன் ஊர்வலம் புறப்படவில்லை. மே 5ஆம் திகதி நீர்கொழும்பில் கைகலப்பு மூண்டபோது பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அங்கு சென்று முஸ்லிம் ஒருவர் மீதும் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்பகுதியில் மதுவிற்பனையை நிறுத்தும்படியும் கோரினார். பிந்திய கோரிக்கையைச் சிலர் நகைச்சுவையாக எடுத்தார்கள். கலவரம் எப்படித் தொடங்குகிறது என்று களத்தில் நின்று பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவர் கட்டுவாப்பிட்டியில் மௌனமாக இருந்தார். சிலாபத்தில் கல்லெடுத்தவர் அவருக்காகவே எடுத்ததாகச் சொன்னார். 1544க்கும் 1560க்கும் இடையில் நிகழ்ந்தது இதுவேதான். பழிவாங்க வருபவர் பெரும்பாலும் இறந்தவரின் பேச்சாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். ஆகவே பகைவரை நேசிக்கும்படியான கட்டளை, கொன்றவன் மீது இதமான உணர்ச்சி கொள்ளும்படி கேட்கிறது என்று நான் நினைக்கவில்லை. தாய் ஒருத்தியிடம் அதைக் கேட்பது குரூரம். என் துயரத்தை எடுத்துக்கொண்டு இன்னொருவன் வீட்டுக்குப் போகாதே என்று அவள் சொல்வதே போதும். அது மிகப் பெரிய செயல்.

இவ்விடத்தில் மீண்டும் முன்னேஸ்வரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, இம்முறை பத்திரகாளி சன்னிதிக்கு. பகைவனுக்குக் கேடு வேண்டிச் சாபமிட வருவோர்க்குப் பேர்போன இடம் அது. மானிடவியல் அறிஞர் கணநாத் ஒபயசேகர (2025இல் காலமானார்) சீனிகம, கஹட்டப்பிட்டி, முன்னேஸ்வரம் ஆகிய மூன்று தலங்களில் இவ்வழக்கத்தை ஆராய்ந்து 1975இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்று பௌத்தர் வணங்கும் தெய்வத்தின் தலம், ஒன்று முஸ்லிம் பெரியார் ஒருவரின் தலம், மற்றையது காளி கோவில். கத்தியை எடுத்திருக்கக்கூடிய கோபம் இங்கே சடங்காக வழிமாற்றப்படுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். வந்தவர் வஞ்சம் முழுவதையும் தெய்வத்தின் முன் கொட்டிவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார்.

படித்தவர்கள் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவர். எனக்கு உரோமையருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடும்படி அங்கு கூறப்படுகிறது. சங்கீதங்களிலும், குறிப்பாக 109இல், பகைவன் மீது சாபம் கொட்டிக் கிடக்கிறது. பவுல் ஒருபடி மேலே சென்று பசித்த பகைவனுக்கு உணவளிக்கச் சொல்கிறார் என்பது பெரிய வேறுபாடு. ஆனாலும் முதற்படி ஒன்றே: பழி என் கையில் இல்லை.

கையில் இல்லை என்றால் கைவிடப்பட்டது என்று பொருளல்ல. 2020 உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில், தாக்கியவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் அறிவித்தார். அதற்குப் பின்னரும் உண்மையைக் கோருவதை அவர் நிறுத்தவில்லை. ஆட்சிகள் மாறியபோதும் நிறுத்தவில்லை. மன்னித்தீர்களே, பிறகு ஏன் விசாரணை என்று கேட்ட அரசியல்வாதிகளின் நோக்கம் யாருக்கும் தெரியாததல்ல. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்கூட்டியே கிடைத்த புலனாய்வுத் தகவல் இருந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கல்லெறிந்தவர்கள் தேடிய "எதிரி" சிலாபத்துக் கடைக்காரர். நீதிமன்றம் கண்ட பொறுப்பாளிகளோ அரச கதிரைகளில் இருந்தவர்கள்.

2025 ஏப்ரலில், தாக்குதலின் ஆறாம் ஆண்டு நினைவின்போது, கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்திருப்பதாகக் கர்தினால் அறிவித்தார். மே 13 அன்று வெட்டுண்ட தச்சர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் கத்தோலிக்கர் அல்லர், ஆகவே அதில் பிழையில்லை. ஆனால் உயிர்த்த ஞாயிற்றின் இறந்தோரை எண்ணும்போது அவரையும் சேர்த்து எண்ணுவதே முறை என்பேன்.

இதனைத் தமிழில் எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதுவரை குறித்த குற்றவாளிகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், சிலாபத்துக் கூட்டத்தினர் என்று இருப்பதால் தமிழ் வாசகர் சற்று ஆறுதலாகப் படித்திருக்கக் கூடும். சங்கிலி மிகப் பழைய கதை. 1990 அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழ் பேசியவர்கள், தலைமுறைகளாக அயலவர்கள். தமிழ்ச் சனத்தின் பாதுகாப்பு என்ற பெயரால், போரில் இறந்த தமிழரின் பெயரால் அது நியாயப்படுத்தப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்களில் மிகப் பெருந்தொகையினர் வந்து தங்கியது இந்தப் புத்தளம் மாவட்டத்தில். முதலில் ஓலைக் கொட்டில்களில், பின்னர் கல்வீடுகளில், ஒரு முழுத் தலைமுறைக் காலம். 2019 மே 13 அன்று வடமேல் மாகாணம் முழுவதற்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, கதவடைத்து அந்த இரவைக் கழித்தவர்களில் அவர்களும் இருந்தனர்.