மரியாதை என்னும் நிபந்தனை
மசச்சூசெற்ஸ் நகரக் கூட்டங்களில் குடிமக்களின் எழுத்துரிமை, 1641–2023

ஊராட்சி மன்றங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் அதிகாரங்கள், வருவாய், தேர்தல் முறை என்பனவற்றையே ஆராய்வர். மன்றத்தில் அங்கத்துவம் பெறாத ஒருவர் தம் கருத்தை ஒரு தாளில் எழுதி அம்மன்றத்தின் முன் வைக்கும்போது அத்தாளுக்கு நேர்வது யாது என்னும் வினா அத்துணை கவனம் பெற்றதில்லை. அது ஏற்கப்படுமா, வாசிக்கப்படுமா, கூட்டக் குறிப்பிற் பதியப்படுமா, அன்றி எழுதிய முறை தகாதெனக் கூறி ஒதுக்கப்படுமா? மகஜர் எழுதிக் கையொப்பந் திரட்டிக் கச்சேரிப் படியேறி, பின் மறுமொழிக்குக் காத்திருந்த அனுபவம் எம்மவர்க்குப் புதிதன்று. ஆகவே, வினா எமக்கு அந்நியமானதன்று. எனினும், இதனை ஏறத்தாழ நான்கு நூற்றாண்டு ஆவணத் தொடர்ச்சியுடன் நோக்குவதற்கு வாய்ப்பான இடம் வட அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் ஆகும். அங்கு வாழ்வோர் நேரிற் கூடி ஊரலுவல்களை முடிவுசெய்யும் நகரக் கூட்டம் என்னும் அமைப்பு குடியேற்றத்தின் தொடக்க காலந்தொட்டு இன்றுவரை நிலைத்துள்ளது. அவ்வரலாற்றில் ஒரு சொல்லின் போக்கை மட்டுமே நாம் ஈண்டுத் தொடர்ந்து செல்ல விழைகின்றோம். அச்சொல் மரியாதை என்பது.

1641ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் பொது மன்று 'சுதந்திரங்களின் தொகுதி' எனப்படும் சட்டக் கோவையை ஏற்றுக்கொண்டது. இதனை ஆக்குவதில் முதன்மை வகித்தவர் இப்சுவிச் நகர்க் குருவான நதானியேல் வாட் என்பார். இக்கோவையின் பன்னிரண்டாம் பிரிவு எமது ஆய்வுக்கு அடித்தளமானது. ஊரவனாயினும் அயலவனாயினும், உரிமை பெற்றவனாயினும் பெறாதவனாயினும், எவனும் பொது மன்றுக்கோ ஆலோசனை அவைக்கோ நகரக் கூட்டத்துக்கோ வந்து, பேச்சாலேனும் எழுத்தாலேனும் வினா எழுப்பவும், முறைப்பாட்டையோ விண்ணப்பத்தையோ முன்வைக்கவும் அது இடமளித்தது. அக்குடியேற்றத்தில் வாக்குரிமை திருச்சபையின் அங்கத்தவர்களான ஆடவர்க்கே உரியதாயிருந்தது என்பதை மனங்கொள்ளின், இப்பிரிவின் விரிவு வியப்பைத் தருவதாகும். வாக்களிக்கத் தகுதியற்றவனுக்கும் எழுதிக் கொடுக்கத் தகுதி இருந்தது. பெண்டிரைப் பற்றி அப்பிரிவு வாய்திறக்கவில்லை என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

ஆயின், இவ்வுரிமை நிபந்தனையின்றி வழங்கப்படவில்லை. முன்வைக்கப்படும் பொருள் அக்கூட்டத்தின் அதிகார வரம்புக்குட்பட்டதாயிருத்தல் வேண்டும். தக்க நேரத்திலும், உரிய ஒழுங்கிலும், மரியாதையான முறையிலும் அது முன்வைக்கப்படல் வேண்டும். நேரம், ஒழுங்கு, மரியாதை என்னும் இம்மூன்றும் ஒரே மூச்சிற் கூறப்பட்டபோதும் ஒரே தன்மையன அல்ல. நேரம் தவறியதா என்பதை மணியைப் பார்த்துச் சொல்லலாம்; ஒழுங்கு மீறப்பட்டதா என்பதை விதியைப் பார்த்துச் சொல்லலாம். மரியாதை குறைந்ததா என்பதையோ அம்மரியாதைக்கு உரியவராகத் தம்மைக் கருதுபவரே சொல்லவேண்டியுள்ளது. எழுதப்பட்ட முறைப்பாடு யாரைக் குறித்ததோ அவரே அதன் நடையையும் அளந்து தீர்ப்பிடும் நிலை இதனால் உண்டாயிற்று.

இதன் விளைவு வெளிப்பட ஐந்தாண்டுகள் போதுமாயின. 1646இல் மருத்துவராகிய றொபேட் சைல்ட் என்பாரும் வேறு அறுவரும் திருச்சபை அங்கத்துவத்தையும் குடியுரிமையையும் பற்றிய தம் குறைகளை எழுதிப் பொது மன்றுக்குச் சமர்ப்பித்தனர். மன்று அவர்களுக்குத் தண்டம் விதித்தது. சைல்டுக்கு விதிக்கப்பட்ட தொகை 50 பவுண். விண்ணப்பித்தமைக்காகத் தண்டிக்கவில்லை, விண்ணப்பத்திற் காணப்பட்ட தகாத கூற்றுக்களுக்காகவே தண்டித்தோம் என்பது ஆட்சியாளரின் விளக்கமாயிருந்தது. உரிமையை மறுக்காமலே உரிமையைப் பயன்படுத்தியவனைத் தண்டிக்கும் இவ்வழி பிற்காலத்திலும் பலமுறை மிதிபட்ட வழியாகும். இது நகரக் கூட்டத்தில் நிகழ்ந்ததன்று எனினும், ஒரே பிரிவு இரண்டு அவைகளுக்கும் பொருந்தியமையால் இங்கு எடுத்துக்காட்டினோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் எழுத்து வேறொரு வலிமையைப் பெற்றது. நகரக் கூட்டம் எதை ஆராயலாம் என்பதை அதன் அழைப்பாணையே தீர்மானித்தது. அவ்வாணையை வெளியிடுபவர்கள் நகர அலுவல்களை நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்ட தெரிவுக் குழுவினர். அவர்கள் விரும்பாத பொருள் ஆணையில் இடம்பெறாதாயின் அது கூட்டத்திலும் இடம்பெறாது. 1715ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாற்றுக் கண்டது. நிலவுரிமையுடைய பத்துப்பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டு ஒரு பொருளைச் சேர்க்குமாறு எழுதிக் கொடுப்பின், குழுவினர் அதனை அடுத்த அழைப்பாணையிற் சேர்த்தே ஆகவேண்டும். இங்கு நடை கேட்கப்படவில்லை, மரியாதை அளக்கப்படவில்லை, கையொப்பம் மட்டுமே எண்ணப்பட்டது. 1641இன் உரிமை எல்லார்க்கும் உரியது, ஆயின் கேட்போரின் தயவில் நின்றது. 1715இன் உரிமை நிலமுடையோர்க்கே உரியது, ஆயின் கேட்போரைக் கட்டுப்படுத்தியது. ஒன்று அகலமானது, மற்றது ஆழமானது எனலாம்.

இந்த ஆழமே ஏகாதிபத்திய அரசுக்கு இடராயிற்று. 1772இன் இறுதியில், நீதிபதிகளின் வேதனத்தை முடியரசே வழங்கப் போகின்றது என்னும் செய்தி பரவியபோது, பொஸ்ரன் நகரக் கூட்டம் அதுபற்றித் தேசாதிபதி ஹச்சின்சனிடம் எழுத்தில் வினவியது. தமக்கு வரும் அரச கடிதங்களை ஒரு நகரத்து மக்கள் முன் வைப்பது தக்கதன்றென அவர் மறுமொழி பகர்ந்தார். சட்டசபையைக் கூடவிடுமாறு கேட்ட இரண்டாவது வேண்டுகோளையும் மறுத்தார். நவம்பர் 2ஆம் திகதி சாமுவேல் அடம்சின் பிரேரணைப்படி கூட்டம் ஒரு தொடர்பாடற் குழுவை அமைத்தது. அக்குழு தயாரித்த அறிக்கை அச்சிடப்பட்டு ஏனைய நகரங்களுக்கு அனுப்பப்பட்டது. அந்நகரங்களும் தத்தம் கூட்டங்களில் ஆராய்ந்து எழுத்தில் விடையளித்தன. தேசாதிபதி ஒரு தாளுக்கு விடையளிக்க மறுத்ததால் மாகாணமெங்கும் தாள்கள் எழுந்தன என்று கூறினால் அது மிகையாகாது.

1774 மே மாதம் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய மசச்சூசெற்ஸ் ஆட்சிச் சட்டம் இதற்குப் பதிலாக வந்தது. கூட்டம் கூட்டும் அதிகாரம் துர்ப்பிரயோகஞ் செய்யப்பட்டது, ஊர்மக்கள் தமக்குரியதல்லாத பொதுக் கருமங்களை ஆராயத் தூண்டப்பட்டனர் என அச்சட்டம் காரணங் கூறியது. அலுவலர்களையும் பிரதிநிதிகளையும் தேர்ந்தெடுக்கும் கூட்டங்கள் தவிர்ந்த எக்கூட்டமும் ஆகஸ்ட் முதலாந் திகதியின் பின் தேசாதிபதியின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கூட்டப்படலாகாது. அனுமதிக்கப்பட்ட கூட்டமும் அவ்வனுமதியிற் குறிக்கப்பட்ட பொருளையன்றி வேறெதையும் ஆராயலாகாது. பத்துப்பேரின் கையொப்பம் இருந்த இடத்தில் ஒருவரின் கையொப்பம் வைக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் பலர் இச்சட்டத்தைக் கூட்டத் தடையென்றே குறிப்பிடுவர். அது பொருள் தடையுமாகும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

மக்கள் இச்சட்டத்தை எதிர்கொண்ட விதம் சுவை மிக்கது. புதிய தேசாதிபதியாகிய தளபதி கேஜ் பொஸ்ரன் தெரிவுக் குழுவினரை அழைத்துச் சட்டத்தை நினைவூட்டியபோது, தாம் புதிதாகக் கூட்டம் எதையும் கூட்டவில்லை என்றும், சட்டம் நடைமுறைக்கு வருமுன் கூடிய கூட்டமே ஒத்திவைக்கப்பட்டுத் தொடர்கின்றது என்றும் அவர்கள் விடையிறுத்தனர். இவ்வாறாயின் ஒரு கூட்டத்தைப் பத்தாண்டுகள் உயிரோடு வைத்திருக்கலாமே எனக் கேஜ் சலித்துக்கொண்டதாகக் கூறப்படுகின்றது. சேலம் நகரில் (இது தமிழகத்துச் சேலமன்று, அப்பொழுது மாகாணத் தலைநகராக மாற்றப்பட்டிருந்த துறைமுகம்) ஆகஸ்ட் 24ஆம் திகதிக்கு ஒரு கூட்டம் அறிவிக்கப்பட்டது. கேஜ் அதனைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார், படையினரும் புறப்பட்டனர். கூட்டத்தை அறிவித்த குழுவினரை அழைத்து அவர் விவாதித்துக்கொண்டிருந்த அதே வேளையில், ஊர்மக்கள் விரைந்து கூடிப் பேராளரைத் தெரிவுசெய்து கலைந்துவிட்டனர். படையினர் வெறுங்கையுடன் திரும்பினர்.

இவ்வனுபவம் ஆறாத நிலையிலேயே 1780இன் அரசியலமைப்பு ஆக்கப்பட்டது. அதன் வரைவு பெரும்பாலும் ஜோன் அடம்சின் கைவண்ணம். அது நகரக் கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, நகரங்கள் உறுப்புறுப்பாக ஆராய்ந்து தம் ஆட்சேபங்களை எழுதியனுப்பிய பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதன் உரிமைப் பிரகடனத்தின் பத்தொன்பதாம் உறுப்பு, மக்கள் ஒழுங்கான, அமைதியான முறையிற் கூடிப் பொதுநலம்பற்றி ஆராயவும், பிரதிநிதிகளுக்குப் பணிப்புரை வழங்கவும், விண்ணப்பங்களாலும் கண்டன மனுக்களாலும் குறைதீர்க்கக் கோரவும் உரிமையளித்தது. 1641இன் வாசகத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குமிடத்து ஒன்று புலப்படும். ஒழுங்கு நின்றது, அமைதி சேர்ந்தது, மரியாதை மறைந்தது. அச்சொல் வேண்டுமென்றே விடப்பட்டது என நாம் சாதிக்க முற்படவில்லை. ஆயின், முடியரசின் அலுவலர்களை மரியாதைக் குறைவாக எழுதி எழுதியே விடுதலை பெற்ற ஒரு தலைமுறை, அந்நிபந்தனையைத் தன் சந்ததிக்கு விதிக்காமை பொருத்தமுடையதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டை விரைந்து கடக்கலாம். 1820இல் பொஸ்ரனின் குடித்தொகை 43,000ஐத் தாண்டிவிட்டமையால் அனைவரும் ஓரிடத்திற் கூடுதல் இயலாதாயிற்று. 1822இல் அது மாநகராகிப் பிரதிநிதிகள் சபையைப் பெற்றது. ஐம்பது வாக்காளர் கேட்பின் பொதுக் கூட்டம் கூட்டலாம் என்னும் ஏற்பாடு பட்டயத்தில் இருந்தபோதும், அன்றாட முடிவுகள் சபையின் கைக்கு மாறின. சிறு நகரங்களிலுங்கூட அன்றாட அலுவல்கள் தெரிவுக் குழுவின் கூட்டங்களிலேயே நடைபெற்றன. அக்கூட்டங்களில் ஊரவர் பார்வையாளரே. முன்னர் அவர் எழுதிக் கொடுத்தது கூட்டம் முடிவெடுக்க வேண்டிய பொருளாயிருந்தது. இப்பொழுது அது உறுப்பினர் கேட்டுக்கொள்ளும் கருத்தாகச் சுருங்கியது. எம்முடைய நோக்கில், மரியாதை விதி மீண்டும் நுழைந்தது இச்சுருக்கத்தின் வழியேயாகும்.

அது நுழைந்த விதத்துக்குச் சவுத்பரோ என்னும் சிறு நகரம் சான்று. தெரிவுக் குழுவின் கூட்டங்களிற் பொதுமக்கள் கூறுவன யாவும் மரியாதையும் பண்பும் உடையனவாயும், தனிப்பட்ட தாக்குதல்கள் அற்றனவாயும் இருத்தல் வேண்டுமென அந்நகரம் விதி வகுத்திருந்தது. 2018 டிசம்பர் 4ஆம் திகதி, குழு செலவினத்தைப் பெருக்குகின்றது, திறந்த கூட்டச் சட்டத்தை மீறுகின்றது என அங்கு வாழும் ஒருவர் குறைகூறினார். குழுவைக் கண்டிக்கும் வாசகங்கள் எழுதிய அட்டையொன்றும் அவரிடம் இருந்தது. தலைமை வகித்த உறுப்பினர் இடைமறித்தார், வாக்குவாதம் முற்றியது, பேசியவர் அவ்வுறுப்பினரை ஹிட்லரோடு ஒப்பிட்டார், வெளியேற்றப்படுவார் என எச்சரிக்கப்பட்டார். ஒப்புமை நயமற்றது என்பதில் எமக்கு ஐயமில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றை அடைந்தது. 2023 மார்ச் 7ஆம் திகதி நீதிமன்று அவ்விதி பத்தொன்பதாம் உறுப்புக்கும், பேச்சுரிமை பற்றிய பதினாறாம் உறுப்புக்கும் முரணானதெனத் தீர்ப்பளித்தது. ஒழுங்கும் அமைதியும் வேண்டப்படலாம். மரியாதையும் பண்பும் வேண்டப்படலாகா என்பதே அதன் சாரம். உறுப்பின் தோற்றத்தை விளக்குகையில் நீதிபதிகள் அடம்ஸ் இருவரின் காலத்துக்கும் முடியரசுக்கெதிரான போராட்டத்துக்குமே சென்றனர்.

தீர்ப்பு பேச்சைப் பற்றியது. ஆயினும், விண்ணப்பத்தையும் கண்டன மனுவையும் பெயர் சுட்டிக் காக்கும் ஓர் உறுப்பின் அடிப்படையில் எழுந்த அத்தீர்ப்பு, எழுதித் தரப்படும் கருத்துக்குப் பொருந்தாதெனக் கூறுதல் கடினம். பேச்சைவிட எழுத்தை வடிகட்டுதல் எளிது என்பதையும் கருதல் வேண்டும். பேசுபவரை நிறுத்தினால் அவையோர் காண்பர். கடிதத்தை வாசியாது விட்டாலோ எழுதியவரன்றி வேறெவரும் அறியார்.

தீர்ப்பின் எல்லையையும் மறைத்தலாகாது. நேரத்தையும் பேசும் அளவையும் நியாயமாக வரையறுக்க நகரங்களுக்கு உள்ள உரிமை அப்படியே உள்ளது. தலைவரின் அனுமதியின்றி எவரும் கூட்டத்தில் உரையாற்றலாகாதென மாநிலத் திறந்த கூட்டச் சட்டம் இன்றும் விதிக்கின்றது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றும், பொது அமைப்புக்கள் தம்மைச் செவிமடுக்கவேண்டும் எனக் கோரும் பொது உரிமை அரசியலமைப்பில் இல்லையென 1984ஆம் ஆண்டின் மினசோற்றா வழக்கொன்றிற் கூறியுள்ளது. எனவே, கருத்துக்கேட்கும் நேரத்தையே நிகழ்ச்சிநிரலினின்று நீக்கிவிட விரும்பும் குழுவைத் தடுக்க வழி அரிது. வருடாந்த நகரக் கூட்டத்தில் நிலை வேறு. பதிவுபெற்ற வாக்காளர் பத்துப்பேர் கையொப்பமிட்ட தாளை, அதன் நடை எவ்வாறாயினும், தெரிவுக் குழுவினர் இன்றும் அழைப்பாணையிற் சேர்த்தே ஆகவேண்டும். ஒருவர் தனியே எழுதிய தாளுக்கு அக்கடப்பாடு இல்லை.