154ஆவது தேர்வு

அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியின் பந்து பெறுநரை ஒட்டி ஓடித் தடுப்பவர் கார்னர்பேக். கல்லூரி வீரர்களிடையே அவரைத் தேடுவோர் நாற்பது கெஜ ஓட்டத்தின் நேரத்திற்குப் பெருமதிப்பு அளிப்பர். ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஷெர்மன் முதலில் பந்து பெறுநர். பின்னரே தடுப்பாட்டத்திற்கு மாறியவர். அதனால், தாம் தடுக்கவேண்டியவரின் எண்ணவோட்டத்தை அவர் உள்ளிருந்தே அறிந்திருந்தார். எந்தக் கடிகாரம் இதை அளக்கும்? 2011இல், ஐந்தாம் சுற்றில், 154ஆவதாகவே சியாட்டில் சீஹாக்ஸ் அவரைத் தேர்ந்தது. இதைத் தனிமனித வெற்றிக்கதையாக மட்டும் வாசிப்பது போதாது என்பேன். நெடிய தடுப்பாளர்களை விரும்பிய பீட் கேரல் அங்கே பயிற்சியாளராக இருந்தார். ஷெர்மனோ ஆறடி மூன்றங்குலம். வேறோர் அணியில் அவ்வுயரம் குறையாகவே எண்ணப்பட்டிருக்கக்கூடும். 2013 பருவத்தில் 8 முறை பந்தை இடைமறித்து அவர் லீக்கில் முதலிடம் பெற்றார். அப்பருவத்தின் சூப்பர் பவுலையும் சியாட்டில் வென்றது.