'செம்மண் சாலை' முதல் 'ஜகாட்' வரை: மலேசியத் தமிழ்த் திரையில் நம் பேச்சுமொழி

மலாய்த் திரைப்பட வரலாற்றைப் பயில்வோர் ஒரு செய்தியை எளிதில் கடந்து சென்றுவிடுகின்றனர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புக் கூடத்தின் தொடக்க கால இயக்குநர்களுள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். பி. ரம்லி முதன்முதலாகக் கதைத்தலைவனாக நடித்த 'பக்தி' (1950) என்னும் மலாய்ப் படம் அவர் இயக்கியதே. மலாய்த் திரையை வளர்த்தோருள் தமிழரும் இருந்தனர். எனினும், இந்நாட்டுத் தமிழரின் வாழ்வு அவர்தம் சொந்தப் பேச்சிலேயே திரைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. திரையரங்குகளில் நாம் கண்டவை சென்னைப் படங்கள். கேட்டவை மதுரைத் தமிழும் கோவைத் தமிழும் சென்னைத் தமிழும். நம் வீட்டுத் தமிழைத் திரையில் நாம் கேட்டதில்லை.

இந்நிலையை மாற்றியவை பெருமுதல் படங்கள் அல்ல. சிறு செலவில் எடுக்கப்பட்ட தனித்திரைப் படங்களே. 2000-ஆம் ஆண்டில் அமிர் முகமது இயக்கிய படத்தோடு மலேசியாவில் டிஜிட்டல் ஒளிப்பதிவிலான தனித்திரை முயற்சிகள் தொடங்கின என்பர். படச்சுருளுக்கும் பெரிய கூடத்திற்கும் பணம் இல்லாதவரும் படம் எடுக்கலாம் என்னும் நிலை அப்போது உருவாயிற்று. அவ்வழியில் வந்த மூன்று தமிழ்ப் படங்களை இங்கே சுருக்கமாக மதிப்பிட முனைகிறோம். மொழியியலில் பயின்றவராதலின், நம் கண்ணைக் காட்டிலும் செவியே இம்மதிப்பீட்டில் முந்தி நிற்கும்.

முதலாவது, தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' (2005). 1960களின் இரப்பர்த் தோட்டம் கதைக்களம். பால்வெட்டுக் குடும்பத்தில் பிறந்த சாந்தா மேற்படிப்பை விரும்புகிறாள். குடும்பத்தின் வறுமை இடைநிற்கிறது. கதை அவ்வளவே. படம் மெதுவாக நடக்கிறது. புதுமுக நடிகர் சிலரின் உரையாடலில் மனப்பாடத்தின் சாயலும் தெரிகிறது. ஆயினும் லயத்து வீட்டின் திண்ணையையும் விடியற்காலை இருளையும் ஆரவாரமின்றிக் காட்டும் பொறுமை இதன் வலிமை. பிரான்சின் நாந்த் நகரில் நடைபெறும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் நடுவர் சிறப்பு விருதும் பெற்றது. லயம், பெரட்டு, கிராணி, தண்டல், ஒட்டுப்பால் என்னும் சொற்களோடு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, தன் கதையும் கலையாகும் என்று இப்படம் உணர்த்தியது.

இரண்டாவது, அதே இயக்குநரின் 'சலங்கை' (2007). களம் தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு மாறுகிறது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்து, 2001-இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையத்தின் நிழலில் உருமாறிய பகுதி அது. பூமாலை விற்கும் தாய், நடனம் பயில ஏங்கும் சிறுமி, அவள் தமையன் ஆகியோரே கதைமாந்தர். நடனம் என்றவுடன் அரங்கேற்றத்தை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். சலங்கை வாங்குவதற்கே வழியில்லாத வீட்டில் கலையார்வம் என்னவாகும் என்பதே இப்படத்தின் வினா. முந்தைய படத்தைக் காட்டிலும் இதன் உரையாடல் இயல்பானது. நகரத் தமிழின் விரைவும் மலாய், ஆங்கிலச் சொற்களின் கலப்பும் இதில் ஒளிவின்றி ஒலிக்கின்றன.

மூன்றாம் படத்திற்குச் செல்லுமுன் இடைக்கால வரலாறு ஒன்றை நினைவுகூர வேண்டும். 1941-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்த கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் உட்பட, தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தோட்டங்கள் பல பின்னாளில் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் நகர்ப்புறப் புறம்போக்கு நிலங்களில் குடியேறின. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' (2015) அங்கேதான் தொடங்குகிறது. 1990களின் தொடக்கம், அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். படிப்பே உய்வு என்று நம்பி அடித்துத் திருத்தும் தந்தை மணியம் ஒருபுறம். குண்டர் உலகில் வாழும் சிற்றப்பன் மெக்சிகோ மறுபுறம். போதையிலிருந்து மீள முயலும் பாலா இன்னொருபுறம். யாரையும் கொடியவராகக் காட்டாமல், ஒரு சிறுவன் எவ்வாறு வழிதவறுகிறான் என்பதைப் படிப்படியாகக் காட்டுவதே இதன் சிறப்பு. மூன்றனுள் முழுமை பெற்ற படம் இதுவே என்பது நம் கருத்து.

இதன் பெயரே ஒரு மொழியியல் பாடம். தீயவன், முரடன் எனப் பொருள்படும் 'ஜஹாத்' என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம் அது. தமிழில் உயிர்களுக்கிடையே வரும் ககரம் ஹகரத்தை ஏற்றுக்கொள்ளும். 'மஹா' மகாவானதும், 'மோஹன்' மோகனானதும் இவ்வாறே. மலாய்ச் சொல்லின் ஈற்றசையை நீட்டி ஒலிப்பதும் நம் வழக்கம். பிரம்பைக் குறிக்கும் 'ரோத்தான்' இதற்குச் சான்று. ஆனால் சொல்லின் முதலில் நிற்கும் ஜகரமும், ஈற்றில் நிற்கும் டகர மெய்யும் தமிழ் மரபுக்கு அயலானவை. நடுவெழுத்து தமிழுக்கு வந்துவிட்டது. இரு முனைகளும் இன்னும் வந்து சேரவில்லை. 'கம்போங்' என்னும் சொல்லோ 'கம்பம்' என முழுவதும் தமிழுருப் பெற்று, அம் ஈற்றுப் பெயராகவே நம்மிடையே வழங்குகிறது. தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொற்களுள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தேடும் ஆசிரியர் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

2016-ஆம் ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், இப்படமும் 'ஓலா போலா' போன்ற படங்களும் தேசிய மொழி அல்லாத படங்கள் என்னும் தனிப்பிரிவில் வைக்கப்பட்டன. இந்நாட்டில், இந்நாட்டவரால், இந்நாட்டு வாழ்வைப் பற்றி எடுக்கப்பட்ட படம் மலேசியப் படமா, அன்றா என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. கலைஞர் பலர் இன வேறுபாடின்றி எதிர்த்தனர். விருதுப் பிரிவுகள் மாற்றியமைக்கப்பட்டன. முடிவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதை 'ஜகாட்' பெற்றது. மலாய்ச் சொல்லொன்றைத் தமிழ் ஒலிப்பில் பெயராகத் தாங்கிய படத்திற்கு அவ்விருது கிடைத்தமை பொருத்தமே.

அவ்விருதுக் குழுவினர் கேட்ட வினாவையே நாமும் வகுப்பறையில் வேறு வடிவில் கேட்டு வந்துள்ளோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'கம்பத்து வீடு' என்று எழுதிய மாணவனின் கட்டுரையில் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, 'சிற்றூர்' என்று நாமே திருத்தியதுண்டு. அவன் பாட்டி வாழ்ந்தது சிற்றூரில் அன்று, கம்பத்தில்தான் என்பதை அப்போது நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

எழுத்துத்தமிழைக் கைவிடுக என்று நாம் கூறவில்லை. தேர்வுக்கும் மேடைக்கும் அதுவே வேண்டும். ஆனால் தோட்டங்கள் அழிந்தபின் அவற்றின் பேச்சுமொழிக்கு எஞ்சியிருக்கும் ஒலிச்சான்றுகள் மிகச் சில. பெரட்டுக்களம் என்றால் என்னவென்று அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆசிரியர்கள் இப்படங்களிலிருந்து வயதுக்கேற்ற பகுதிகளைத் தேர்ந்து வகுப்பில் ஒலிக்கச் செய்க. மாணவர்கள் தாம் கேட்ட பத்துச் சொற்களைக் குறித்துச் சென்று, வீட்டிலுள்ள முதியோரிடம் பொருள் கேட்டு எழுதி வருக. அச்சொற்களைத் திருத்தாமல், அவை எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில் வழங்கின என்னும் குறிப்போடு ஒரு ஏட்டில் சேர்த்து வைப்பது நம் கடமை.