ஒப்பிலக்கியமும் எல்லைப்புற மாணவனும்



திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிப் பொதட்டூர்பேட்டை என்னும் நெசவாளர் ஊர் ஒன்று உண்டு. அங்கே தறியின் ஒலிக்கிடையே இரண்டு மொழிகள் காதில் விழும். கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். வாங்க வந்தவர் தெலுங்கில் பேரம் பேசுவார். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் எவரும் வேண்டியதில்லை. இவ்வாறு வளரும் பிள்ளைக்கு, தான் ஓர் அரிய செல்வத்திற்கு உரியவன் என்னும் எண்ணம் பெரும்பாலும் எழுவதில்லை.

அத்தகைய மாணவன் ஒருவன் கல்லூரியில் ஒப்பிலக்கியத்தைப் பட்டப் படிப்பாக எடுத்துக்கொண்டான் என்று வைத்துக்கொள்வோம். பொதுப் பாடங்கள் முடிந்ததும், "நீ எதனைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளப் போகிறாய்?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"பிரெஞ்சு இலக்கியம் எடுக்கலாம் என்றிருக்கிறேன், ஐயா."

"உனக்குத் தெலுங்கு தெரியுமே?"

"அது கடைத்தெருவில் பேசுகிற மொழி, ஐயா. அதைப் போய் ஆராய்வதா?"

இந்த மறுமொழியில் ஒரு பெரும் பிழை மறைந்திருக்கிறது. அப்பிழை எத்தகையது என்பதை வரலாற்றின் துணைகொண்டு இன்று ஆராய்வோம்.

ஒப்பிலக்கியம் என்பது ஒரு மொழியின் இலக்கியத்தை மற்றொரு மொழியின் இலக்கியத்தோடு அருகருகே வைத்துக் கற்கும் துறையாகும். ஜெர்மானியப் பெருங்கவிஞர் கதே 1827ஆம் ஆண்டில் 'உலக இலக்கியம்' என்னும் கருத்தை வலியுறுத்திப் பேசினார். 1886இல் போஸ்நெட் என்பவர் ஒப்பிலக்கியம் என்ற பெயராலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நம் நாட்டில் 1907ஆம் ஆண்டு கல்கத்தாவில் தாகூர் 'விசுவ சாகித்தியம்' என்னும் பொருள் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்சொற்பொழிவுக்கு இடமளித்த தேசியக் கல்விக் கழகத்தின் வழியில் வளர்ந்ததே யாதவ்பூர்ப் பல்கலைக்கழகம். அங்கே 1956இல் வங்கக் கவிஞர் புத்ததேவ போசு இந்தியாவின் முதல் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கி வைத்தார்.

இத்துறையில் நுழையும் மாணவன் எல்லா இலக்கியங்களையும் கற்றுவிட முடியாது. ஆயுள் சிறிது, நூல்களோ கடல். ஆகவேதான் சிறப்புப் பாடம் என்ற ஏற்பாடு அமைந்தது. இரண்டு மொழிகளின் இலக்கியத்தை ஒருவன் தேர்ந்துகொள்ளலாம். காப்பியம், நாடகம் போன்ற ஓர் இலக்கிய வகையைப் பல மொழிகளில் தொடர்ந்து செல்லலாம். ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொள்ளலாம். இலக்கியத்தை இசையோடோ தத்துவத்தோடோ சேர்த்துக் கற்கலாம். மொழிபெயர்ப்புக் கலையையே ஆராயலாம்.

இவற்றுள் எது உயர்ந்தது என்பது பற்றி மேனாட்டாரிடையே நெடுநாள் வழக்கு நடந்ததுண்டு. ஒரு நாட்டு எழுத்தாளர் மற்றொரு நாட்டு எழுத்தாளரிடமிருந்து எதனைப் பெற்றார் என்று சான்றுகளோடு காட்டுவதே ஒப்பிலக்கியத்தின் வேலை என்றனர் பிரெஞ்சு அறிஞர்கள். அமெரிக்காவில் பணிபுரிந்த ரெனே வெல்லக் என்னும் அறிஞர் 1958இல் இக்கொள்கையை வன்மையாக மறுத்தார். கடன் வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் கணக்கு எழுதுவதோடு நின்றுவிட்டால் இலக்கியத்தின் இலக்கியத்தன்மையை மறந்துவிடுவோம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆயினும் ஒரு செய்தியில் இரு சாராரும் வேறுபட்டாரல்லர். மூல மொழியில் நூலைப் படிக்க இயலாதவன் ஒப்பிலக்கிய ஆராய்ச்சியில் நெடுந்தூரம் செல்ல முடியாது என்பதே அது. மொழிபெயர்ப்பு கதையைத் தரும். ஓசையையும் சொல்லின் வாழ்வையும் முழுமையாகத் தருவது அரிது.

அடுத்து நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். தென்னாட்டு மொழிகளைப் பற்றிய மிகப் பெரிய உண்மையொன்று, தமிழையும் தெலுங்கையும் அருகருகே வைத்துக் கற்றதனாலேயே வெளிப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? சென்னையில் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கும்பினி ஆட்சியின் இளம் அலுவலர்கள் தென்னாட்டு மொழிகளைப் பயில்வதற்காக அமைந்த கல்லூரி அது. ஒரே கூரையின் கீழ்த் தமிழ்ப் புலவரும் தெலுங்குப் புலவரும் வடமொழி வல்லாரும் பணியாற்றினர். அக்கல்லூரியை உருவாக்குவதில் முன்னின்ற எல்லிஸ் துரை, பட்டாபிராம சாஸ்திரி போன்ற அறிஞர்களின் துணையோடு இம்மொழிகளின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டார். 1816இல் காம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிய முன்னுரையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிறுவினார். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856இல்தான். சந்தையில் பேரம் பேசும் இரண்டு மொழிகளே ஒரு புதிய அறிவுத்துறைக்கு வாயிலாயின.

அந்த இரண்டு மொழிகளுக்கிடையே ஆட்சி எல்லையொன்று பின்னாளில் எழுந்தது. திருத்தணி வட்டாரம் முன்னர்க் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்திருந்தது. வடார்க்காட்டு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அம்மாநிலத்தில் அடங்கியது. தமிழ் பேசும் ஊர்களை மீட்க ம.பொ.சிவஞானம் அவர்கள் தலைமையில் வடக்கெல்லைக் கிளர்ச்சி நடைபெற்றது. எல்லைப்புற ஊர்களில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் போன்றோர் அதற்குத் தோள் கொடுத்தனர். பின்னர்ப் படாஸ்கர் அவர்களின் தீர்ப்பை ஒட்டி 1959இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. அதே ஏற்பாட்டில் வேறு சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன.

தம் பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வேண்டும் என்ற நியாயமான வேட்கையே அக்கிளர்ச்சியின் உயிர். அத்தகைய வேட்கை எல்லைக்கு இரு புறமும் இருந்தது. ஆட்சிக்குக் கோடு வேண்டும். ஓர் ஊர் ஒரு மாநிலத்தில்தான் இருக்க முடியும். ஆனால் மனத்திற்கு அக்கோடு வேண்டுவதில்லை. ஆட்சி எல்லை வகுக்கப்பட்டபோது நம் மாணவர் பலர் மன எல்லையையும் வகுத்துக்கொண்டனர். 'இது நம் மொழி, அது அவர்கள் மொழி' என்று ஒதுங்கியதனால், முன்னோர் இயல்பாகப் பெற்றிருந்த இருமொழிப் புலமை பேச்சளவில் தேய்ந்தது. இந்த இழப்பு எந்த வரைபடத்திலும் காணப்படுவதில்லை.

இப்பகுதியின் இலக்கியச் செல்வத்தைச் சற்றே நோக்குங்கள். திருத்தணி மலையின்மீது 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழ் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை வடமொழியில் பாடியது இம்மலையில்தான் என்பது இசை மரபு. பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ள கார்வேட்டிநகரத்திலோ, சாரங்கபாணி என்னும் புலவர் வேணுகோபாலன்மீது தெலுங்கில் பதங்கள் பாடினார். ஒருவன் நடந்தே சுற்றி வரக்கூடிய நிலப்பரப்பில் மூன்று மொழிகளின் பக்தி இசைப்பாடல்கள் விளைந்திருக்கின்றன. சந்தம் துள்ளும் திருப்புகழில் பக்தன் முருகனிடம் எவ்வாறு பேசுகிறான்? பதத்தில் வரும் தலைவி கண்ணனிடம் எவ்வாறு பேசுகிறாள்? இலக்கியத்தையும் இசையையும் சேர்த்துக் கற்க விரும்பும் மாணவனுக்கு இதனினும் சிறந்த சிறப்புப் பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

நாடகத்தில் நாட்டமுடையவன் வடார்க்காட்டுத் தெருக்கூத்தையும் தெலுங்கு நாட்டு வீதி நாடகத்தையும் எடுத்துக்கொள்ளலாம். பெயர்கள் இரண்டும் ஒரே பொருளைத் தருவதைக் கவனியுங்கள். காப்பியத்தில் நாட்டமுடையவனுக்கு, 11ஆம் நூற்றாண்டில் நன்னயர் தொடங்கித் திக்கனரும் எர்ரனரும் நிறைவு செய்த தெலுங்குப் பாரதம் இருக்கிறது. தமிழில் வில்லிபுத்தூரார் பாரதம் இருக்கிறது.

இவ்வாறு கூறுவதனால், அயல்நாட்டு இலக்கியம் வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணிவிடலாகாது. வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமர், வர்ஜில், மில்டன் ஆகியோரோடு ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஆராய்ந்தார். 1925இல் அவர் மறைந்தபின், 1950ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கம் அவ்வாராய்ச்சியை நூலாக்கியது. இலங்கையின் கைலாசபதி, இங்கிலாந்தில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று, சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வேல்ஸ் வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். அந்நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தமிழில் 'ஒப்பியல் இலக்கியம்' என்ற நூலையும் அவர் அளித்தார். இவ்விருவரும் உலகெங்கும் சென்றனர்; ஆயினும் ஒரு காலைத் தாம் நன்கறிந்த நிலத்தில் ஊன்றிக்கொண்டே மறு காலை எடுத்து வைத்தனர். இதுவே நாம் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம்.

திருத்தணியில் 1888இல் பிறந்த ஒருவரின் வாழ்விலும் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தபோது, எந்தப் பாடத்தைச் சிறப்பாக எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கணிதம், இயற்பியல், உயிரியல், வரலாறு, தத்துவம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். அதுவே அவர் பாடத்தை முடிவு செய்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழை நாட்டுச் சமயங்களைக் கற்பிக்கும் பேராசிரியராக அவர் விளங்கினார். கீழைத் தத்துவத்தையும் மேலைத் தத்துவத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவதே அவர் வாழ்நாட்பணி ஆயிற்று. புத்தகத்தைத் தற்செயல் கொடுத்தது உண்மைதான். ஆனால் அப்புத்தகத்தைத் தாம் பிறந்த மரபோடு பொருத்திப் பார்த்தது அவர் உழைப்பு. தேர்வு எவ்வாறு நேர்ந்தது என்பதைவிட, தேர்ந்ததை நம் வாழ்வோடு எவ்வாறு இணைத்துக்கொண்டோம் என்பதே முதன்மையானது.

ஆகவே சிறப்புப் பாடத்தைத் தேரும்போது உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த மொழிகளின் நூல்களை மொழிபெயர்ப்பின்றி என்னால் படிக்க இயலும், அல்லது பட்டம் பெறுவதற்குள் படிக்கக் கற்றுக்கொள்ள இயலும்? எந்தக் கேள்வி தேர்வு முடிந்த பின்னும் என் மனத்தை விட்டு அகலாது நிற்கிறது? அக்கேள்விக்கு விடை தேட உதவும் ஆசிரியரும் நூலகமும் எனக்குக் கிடைக்குமா? இம்மூன்றும் எங்கே கூடுகின்றனவோ, அங்கேதான் உங்கள் பாடம் இருக்கிறது. பிரெஞ்சின்மீது உண்மையான வேட்கை இருந்தால் முதலாண்டிலேயே அதனைத் தொடங்குங்கள். மொழி என்பது இறுதியாண்டில் அவசரமாக வாங்கிக்கொள்ளும் பொருள் அன்று.

தெலுங்கைத் தேர்பவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கடைத்தெருவில் பேசுவதனால் மட்டும் நன்னயரின் நூல் திறந்துவிடாது. எழுத்தைக் கற்க வேண்டும். பழைய இலக்கிய நடையைப் பயில வேண்டும். யாப்பை அறிய வேண்டும். பேச்சுமொழி ஒரு திறவுகோலே. ஆயினும் திறவுகோலைப் பிறந்தபோதே கையில் பெற்றவன், பூட்டின் முன்னே நின்று வெட்கப்படுவது பேதைமையன்றோ?

பொதட்டூர்பேட்டையின் தறியில் பாவு ஒரு திசையில் செல்கிறது. ஊடை மறு திசையில் செல்கிறது. இரண்டும் கூடினால்தான் ஆடை. அவ்வூர்ப் பிள்ளை அடுத்த முறை தன் ஆசிரியர்முன் நிற்கும்போது, "எனக்குத் தெலுங்கும் தெரியும், ஐயா" என்று தலைநிமிர்ந்து சொல்லட்டும். அந்தச் சொல்லிலிருந்தே அவன் ஆராய்ச்சி தொடங்கும்.