அபிங்டன் விட்டுச் சென்ற வேலை

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே, தேம்ஸ் நதிக்கரையில் உள்ள அபிங்டன் என்னும் சிறு நகரம், தன் மண்ணில் எம்.ஜி. கார்கள் உருவாகத் தொடங்கி 50 ஆண்டுகள் நிறைந்ததை 1979-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் விழா எடுத்துக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம் ஓய்ந்த மறுநாளே, தொழிற்சாலையை மூடப் போவதாக அதன் உடைமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. கார் வெளிவந்தது, கதவுகள் அடைபட்டன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை உலகுக்கு அளித்த ஸ்தாபனத்தின் சரித்திரம் அத்துடன் முற்றுப் பெற்றது என்று அன்று எண்ணியவர்கள் பலர் இருந்திருப்பர். ஆயினும், காரைக் கட்டி முடிக்கும் வேலை தொழிற்சாலையிலிருந்து வீட்டுக் கொட்டகைகளுக்கு இடம் பெயர்ந்து இன்றளவும் நடைபெற்று வருகிறது. ஒருவர் பிரித்துப் போட்டுப் பாதி செப்பனிட்டுக் கைவிட்ட காரை, இன்னொருவர் விலைக்கு வாங்கிப் பூர்த்தி செய்யும் வழக்கம் அங்கே ஒரு பரம்பரையாகவே வேரூன்றியிருக்கிறது. அந்த வழக்கம் தோன்றிய காரணத்தையும் வளர்ந்த விதத்தையும் ஆராய்வோருக்கு, பணமும் கைத்திறனும் எவ்வளவு இருப்பினும், காரின் பூர்வ சரித்திரத்தை அறிந்த அறிவே இதில் தலையாய மூலதனம் என்பது விளங்கும்.

எம்.ஜி. என்பது மோரிஸ் காரேஜஸ் என்ற பெயரின் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மோரிஸ் நடத்தி வந்த அந்த வியாபார ஸ்தாபனத்துக்கு 1922-இல் நிர்வாகியாக வந்த ஸெஸில் கிம்பர், மோரிஸ் கம்பெனியின் சாதாரணக் கார்களின் அங்கங்களையே எடுத்து, அவற்றுக்கு அழகிய உடலமைப்பும் வேகமும் கொடுத்து, எண்கோண முத்திரையிட்டு விற்கத் தொடங்கினார். தொழில் பெருகவே, 1929-இல் அபிங்டனில் ஒரு தோல் தொழிற்சாலையின் கட்டடங்களுக்கு அது குடியேறிற்று. அங்கே எஞ்சின் வார்க்கப்பட்டதுமில்லை, தகடு அழுத்தி வளைக்கப்பட்டதுமில்லை. பிற ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்த எஞ்சின்களையும் உடல்களையும் தொழிலாளர் கைக்கருவிகளால் பொருத்தி, வண்டியைக் கையாலேயே அடுத்த இடத்துக்குத் தள்ளிச் சென்று பூர்த்தி செய்தனர். பெரும் யந்திரங்களின் துணையின்றிக் கூட்டிச் சேர்க்கப்பட்டது ஆகையால், அதைப் பிரிக்கவும் மீண்டும் கூட்டவும் ஒரு தனிமனிதனின் கொட்டகையும் ஒரு பெட்டி ஸ்பேனரும் போதுமானவையாயின. பிற்காலத்தில் தோன்றிய புனருத்தாரண வழக்கத்துக்கு வித்து அப்பொழுதே இடப்பட்டுவிட்டது.

யுத்தம் முடிந்த 1945-இலேயே டி.சி. என்ற மாடல் வெளிவந்தது. ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கே எஃகு தாராளமாகக் கிடைத்த காலம் அது. ஆதலால் 1949 வரை கட்டப்பெற்ற ஏறக்குறைய 10,000 டி.சி. கார்களில் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது. வலப்புற ஸ்டியரிங்குடனேயே அமெரிக்கா சேர்ந்த கார்கள், அந்நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் மோகத்தைத் தோற்றுவித்தவற்றுள் முக்கியமானவை. டி.சி.யின் உடல், ஆஷ் மரச் சட்டத்தின்மேல் தகடு போர்த்தியது. மரம் உளுத்துப் போயிருந்தால் மேலே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தாலும் கதவு தொங்கிவிடும். அதன் எஞ்சினிலோ வேறொரு விசேஷம் உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸிலிருந்து கவென்ட்ரிக்கு வந்து தொழிற்சாலை அமைத்த ஹாட்ச்கிஸ் கம்பெனியின் யந்திரங்கள் மெட்ரிக் அளவில் மரை வெட்டுபவை. அத்தொழிற்சாலையை மோரிஸ் 1923-இல் வாங்கியபின் அங்கே உருவான எஞ்சின்களிலும் மெட்ரிக் மரையே நிலைத்தது. ஆனால் இங்கிலாந்து மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டுமென்பதற்காக, போல்ட் தலைகள் மட்டும் விட்வொர்த் அளவில் செய்யப்பட்டன. டி.சி.யின் 1250 சி.சி. எஞ்சினும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. இச்செய்தியை அறியாத ஒருவர், ஸ்பேனர் பொருந்துகிறதே என்று நம்பி, கடையில் கிடைத்த வேறு மரைப் போல்ட்டை முறுக்கி எஞ்சினின் மரையை அழித்துவிடுவார். அவர் கைவிட்ட காரை வாங்குகிறவர் அந்த அழிவையும் சேர்த்தே வாங்குகிறார்.

1955-இல் வந்த எம்.ஜி.ஏ. தனிச் சேஸிஸின்மேல் உடலை ஏற்றிய கடைசிப் பெரிய மாடல். அதன் 1489 சி.சி. எஞ்சின் நமக்கு அந்நியமானதன்று. நம் ஊர்ச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசிடர் காரின் பெட்ரோல் எஞ்சினும் அதே ‘பி’ வரிசையைச் சேர்ந்த அதே கொள்ளளவுடையது. 1962-இல் பிறந்த எம்.ஜி.பி.யோ அந்த வரிசையின் 1798 சி.சி. எஞ்சினைப் பெற்றதோடு, சேஸிஸைத் துறந்து உடலையே தாங்கு சட்டமாகக் கொண்டது. கூரையற்ற காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைப்பவை, கதவுகளுக்குக் கீழே ஓடும் ஸில் என்ற தகட்டுப் பெட்டிகளே. வெளித்தகடு, உட்தகடு, நடுத்தகடு எனப் பல தகடுகள் சேர்ந்த அப்பெட்டிக்குள் சேறும் நீரும் புக வழி இருந்தது. பனிக்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் தூவப்படும் உப்பு துருவுக்குத் துணை புரிந்தது. 1960-இல் 10 ஆண்டு பழைய வண்டிகளுக்கென ஏற்பட்ட கட்டாயப் பரிசோதனை, 1967-இல் 3 ஆண்டு வண்டிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. காலப்போக்கில், துருவேறிய ஸில் எஞ்சின் பழுதை விடப் பெரிய அபாயமாயிற்று. பலர் உளுத்த தகட்டின்மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி, பட்டி பூசிப் பரிசோதனையைக் கடந்தனர். அந்தப் போர்வைகளை ஒரு நாள் யாரேனும் உரித்துப் பார்க்க நேர்ந்தபோதுதான், ஒரு மாத வேலை என்று தொடங்கியது பல வருஷ வேலையாகப் பெருகிற்று.

பாதியில் நின்ற கார்கள் உண்டான வரலாறு பெரும்பாலும் இதுவே. பிரிப்பது இலகு, அதில் செலவுமில்லை. பிரித்தபின் வெளிப்படும் துருவும், குரோம் பூச்சுக்கும் உள்ளலங்காரத்துக்கும் ஆகும் செலவும், வேலை மாற்றமும், குழந்தைகளின் பிறப்பும் ஆர்வத்தைத் தளர்த்தும்; வெல்டிங் முடிந்த உடல் ஒரு மூலையிலும், பெயர் எழுதாத பெட்டிகளில் உறுப்புகள் வேறொரு மூலையிலுமாக ஆண்டுகள் கழியும். இத்தகைய கார்கள் கை மாறுவதற்கு வேண்டிய சமூகமும் உருவாகியிருந்தது. எம்.ஜி. கார் கிளப் 1930-லும், எம்.ஜி. ஓனர்ஸ் கிளப் 1973-லும் தோன்றின; பழைய உதிரிப் பாகங்களுக்கென்றே கூடும் ஆட்டோஜம்பிள் என்னும் சந்தை 1967-இல் பியூலி கிராமத்தில் ஆரம்பமாயிற்று.

இக்கார்களை வாங்குவதில் விவேகமுள்ளவர், மின்னும் பெயிண்டைப் பார்த்து மயங்கமாட்டார். முன்னவர் ஸில்லை மாற்றினாரெனில், முன் மட்காட்டைக் கழற்றி, உடலைச் சமமாகத் தாங்கி, கதவுகளைப் பொருத்தி இடைவெளியைச் சரிபார்த்தபடியே வெல்டிங் செய்தாரா என்று விசாரிப்பார். அவ்வாறு செய்யாத உடல் கோணியிருக்கும், கோணிய உடலில் கதவு ஒருபோதும் ஒழுங்காக மூடாது. 1964 வரை வந்த எம்.ஜி.பி. எஞ்சினுக்கு மூன்று பேரிங்குகளும் அதற்குப் பிந்தியவற்றுக்கு ஐந்தும் உண்டென்பதும், 1967 வரை பாட்டரியின் பாசிட்டிவ் முனையும் அதன்பின் நெகட்டிவ் முனையும் உடலோடு இணைக்கப்பட்டன என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆதலால் பெட்டியிலுள்ள எஞ்சினும் வயரிங்கும் டைனமோவும் அந்தக் காருக்கே உரியவைதாமா என்று கேடன் கிராமத்திலுள்ள அறக்கட்டளை பாதுகாக்கும் தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து சான்றிதழ் பெற்று ஒப்பிட்டுக் கொள்வார். ஒரு மன்னன் தொடங்கிய கோபுரத்தைப் பின்வந்தவன் கட்டி முடிக்கும்போது, முன்னவன் இட்ட அஸ்திவாரத்தை அளந்தறிந்த பிறகே அடுத்த நிலையை எழுப்புவான். ஜீர்ணோத்தாரணத்தின் இந்தத் தர்மம் காருக்கும் பொருந்தும்.

இந்த முயற்சிக்கு மிகப் பெரிய துணை 1988-இல் கிடைத்தது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற ஸ்தாபனம், தொழிற்சாலை மூடியபின் அங்குமிங்கும் கிடந்த பழைய அழுத்து அச்சுகளைத் தேடிச் சேகரித்து, எம்.ஜி.பி.யின் முழு உடலையும் ஃபாரிங்டனில் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. மூடிய தொழிற்சாலையின் உற்பத்தியைக் கார் அபிமானிகளின் தேவையே மீண்டும் எழுப்பிய இச்சம்பவம் மோட்டார் தொழிலில் அபூர்வமானது. 1992-இல் ரோவர் கம்பெனி எம்.ஜி. ஆர்.வி.8 என்ற புதுக் காரை வெளியிட்டதும் இவ்வுடலை ஆதாரமாகக் கொண்டே.

ஆனால் புது உடல் கிடைப்பதனாலேயே ஒரு கேள்வியும் பிறக்கிறது: எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எஞ்சுவது எந்தக் கார்? பழைய வாகனங்களுக்கென 2013-இல் ஏற்கப்பட்ட டூரின் சாசனம், பழைய கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தின் வழியில், இயன்றவரை பழையதைக் காக்கவும், செய்த மாற்றங்களைப் பதிவு செய்யவும் வலியுறுத்துகிறது. இக்கொள்கை முற்றிலும் நியாயமானது என்பதே என் துணிபு. உயிருக்கு அபாயம் விளைக்கும் ஸில்லையும் பிரேக்கையும் மாற்றுவது கடமை. நன்றாக இயங்கும் எஸ்.யூ. கார்புரேட்டரையும், தேய்ந்தும் கிழியாத தோல் இருக்கையையும் தூக்கி எறிவது அவசியமற்ற நஷ்டம்.

அபிங்டனின் பதிவேடுகள், ஒவ்வொரு காரும் எந்த நாளில் எந்த நிறத்தில் எந்த நாட்டுக்குப் புறப்பட்டதென்று கூறுவதோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்திய சரித்திரத்தை எழுதக்கூடியவர், அதை வைத்திருந்தவரே அல்லாமல் வேறு யாருமிலர். ஆகவே, பாதியில் நின்ற காரைப் பூர்த்தி செய்கிறவர், எந்தத் தகட்டை ஏன் வெட்டினார், எந்தப் போல்ட்டை எங்கிருந்து பெற்றார் என்பதை எழுதி, புகைப்படத்துடன் காரோடு வைத்துச் செல்ல வேண்டும். முன்னவர் அவ்வாறு செய்யாமையால் தாம் பட்ட சிரமத்தைப் பின்னவர் படாதபடி காப்பதும் அவ்வேலையின் ஓர் அங்கமே.